ஹைதியின் பாதிரியார் அதிபர்: அரிஸ்டீட் எப்படி ஜெயித்தார், ஏன் இரண்டு முறை துரத்தப்பட்டார்?

கேள்வி: கரீபியன் நாடு ஒன்றில் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர் தேர்தலில் நின்று அதிபரே ஆனாராமே? திருச்சபை அதற்கு எப்படி ஒத்துக்கொண்டது? கடைசியில் அவர் நல்லது செய்தாரா, இல்லை அவரும் மற்றவர்களைப் போலத்தானா?

திருச்சபை ஒத்துக்கொள்ளவே இல்லை. அங்கிருந்தே தொடங்கலாம்.

நீங்கள் கேட்பது ழான் பெர்ட்ரான் அரிஸ்டீட் பற்றி. நாடு ஹைதி. 1990 டிசம்பர் 16-ல் நடந்த தேர்தலில் சுமார் 67 சதவீத வாக்கு வாங்கி ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது 37. அவர் சேர்ந்திருந்த துறவற சபை இரண்டு வருஷம் முன்பே அவரை வெளியேற்றிவிட்டது. ஆனால் குருப்பட்டம் அவரிடமேதான் இருந்தது. ஆக, ஆயர்களுக்குப் பிடிக்காத, ரோமுக்கும் பிடிக்காத ஒரு பாதிரியாரை ஜனங்கள் தூக்கிக்கொண்டு போய் அதிபர் மாளிகையில் உட்காரவைத்தார்கள். நடந்தது அதுதான்.

அவரைப் புனிதர் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், சர்வாதிகாரி என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் படித்துப் புரிந்துகொண்டவரை, கோயிலில் பேசி ஜனங்களைத் திரட்டத் தெரிந்த அவருக்கு, அந்தக் கூட்டத்தை ஒரு கட்சியாகவும் நிர்வாகமாகவும் கட்டத் தெரியவில்லை. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கட்டத் தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். முதல் முறை அவருக்குக் கிடைத்தது ஏழே மாதம்.

ஹைதியில் ஒரு பாதிரியாருக்கு இவ்வளவு செல்வாக்கு வந்ததற்குக் காரணம் அதற்கு முந்தைய முப்பது வருஷம். 1957-ல் பிரான்சுவா துவாலியே என்ற டாக்டர் அதிபரானார். 'பாப்பா டாக்' என்று கூப்பிடுவார்கள். அவர் வளர்த்த அடியாள் படைக்கு 'தோந்தோன் மக்கூத்' என்று பெயர். குறும்பு செய்யும் பிள்ளைகளைச் சாக்குப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகும் மாமாவைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை உண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. நம் ஊரில் சொல்கிற பிள்ளைபிடிக்காரன்தான். வித்தியாசம், இவர்கள் நிஜமாகவே ராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்கள். தூக்கிக்கொண்டு போனவர்கள் பலர் திரும்பவில்லை.

துவாலியே திருச்சபையையும் விட்டுவைக்கவில்லை. எதிர்த்த ஆயர்களை நாடு கடத்தினார். பிறகு 1966-ல் வத்திக்கானோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு, ஆயர்களை முன்மொழியும் உரிமையையே கையில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஆயர் பீடத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 1971-ல் அவர் இறந்ததும் 19 வயது மகன் ழான் குளோத் பதவிக்கு வந்தார். 1980-ல் அவருடைய ஆடம்பரக் கல்யாணத்தை நடத்திவைத்தவர் தலைநகரின் பேராயர் லிகொந்தே. அவர் மணமகளுக்கு உறவினரும்கூட.

மேலே இப்படி இருக்க, கீழே வேறொரு திருச்சபை வளர்ந்தது. கிரியோல் மொழியில் அதை 'தி லெக்லீஸ்' என்பார்கள், 'சின்னக் கோயில்' என்று அர்த்தம். தமிழ்நாட்டில் பங்குகளில் அன்பியம் நடக்கிறதல்லவா, பத்திருபது குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி பைபிள் வாசித்துப் பேசுவது? கிட்டத்தட்ட அதே அமைப்பு. ஆனால் ஹைதியின் குடிசைப் பகுதியில் பைபிளைத் திறந்து 'எகிப்தில் அடிமைகளாக இருந்தார்கள்' என்று வாசித்தால் பேச்சு வேறெங்கே போகும்? ரேஷன், தண்ணீர், காணாமல்போன அண்ணன், மக்கூத்காரன் பிடுங்கிக்கொண்ட நிலம். விடுதலை இறையியல் என்று புத்தகங்களில் படிப்பதை அந்த ஜனங்கள் இப்படித்தான் பழகினார்கள்.

1983 மார்ச் 9-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஹைதிக்கு வந்து, 'இங்கே ஏதாவது மாறியாக வேண்டும்' என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் தீவு முழுக்கப் பரவியது. அதே பயணத்தில் ஐந்து நாள் முன்பு நிகரகுவாவில் இறங்கியபோது, அமைச்சராக இருந்த பாதிரியார் எர்னெஸ்டோ கார்டினாலை விமான நிலையத்திலேயே விரலை ஆட்டிக் கண்டித்திருந்தார். அதே 1983-ல் வந்த புதிய திருச்சபைச் சட்டமும் அரசு அதிகாரமுள்ள பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்று தடுத்தது. ஏழைகளுக்காகப் பேசு, ஆனால் பதவியில் உட்காராதே என்பது ரோமின் நிலை. அரிஸ்டீட்டின் வாழ்க்கை முழுவதும் இந்தக் கோட்டின் மேல்தான் நடந்தது.

அவர் பிறந்தது 1953 ஜூலை 15, தெற்குக் கரையோர ஊரான போர்ட் சாலுவில். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தலைநகர் போர்ட்-ஓ-பிரின்சுக்கு வந்தார். பையனைப் படிக்கவைத்தவர்கள் சலேசியர்கள், அதாவது நம் ஊரில் டான் போஸ்கோ பள்ளிகளை நடத்துகிற அதே சபை. அந்தச் சபையிலேயே சேர்ந்தார், உளவியல் படித்தார், புனித நாட்டில் பைபிள் படித்தார், 1982-ல் குருப்பட்டம் பெற்றார். துவாலியே ஆட்சியைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதால் மேலிடம் கனடாவுக்கு மேற்படிப்புக்கு அனுப்பிவைத்தது. 1985-ல் திரும்பி வந்தார். அதன் பிறகு அவருடைய இடம் லா சலீன் என்ற குடிசைப் பகுதியின் ஓரத்தில் இருந்த புனித ஜான் போஸ்கோ கோயில்.

ஆள் ஒல்லி, மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல். பீடத்துக்கு முன்னால் வந்து நின்றால் அந்தக் குரலே வேறு மாதிரி ஆகிவிடும். அவர் பேசியது கிரியோலில். இதை ஒரு சின்ன விஷயம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஹைதியில் எல்லோருக்கும் தாய்மொழி கிரியோல், ஆனால் கோர்ட்டும் அரசாணையும் பெரிய மனிதர்களின் பேச்சும் பிரெஞ்சில். பிரெஞ்சு தெரிந்தவர்கள் சிறுபான்மை. கிரியோலுக்கு ஆட்சிமொழி அந்தஸ்தே 1987 அரசியல் சாசனத்தில்தான் கிடைத்தது. தனக்குப் புரியாத மொழியில் ஆளப்பட்ட ஒரு ஜனத்தின் முன்னால் ஒருவர் வந்து, அவர்கள் சமையல்கட்டில் பேசுகிற மொழியில், அவர்களுடைய பழமொழிகளிலேயே பேசினால் எப்படி இருக்கும்? 'தண்ணீருக்குள் கிடக்கும் கல்லுக்கு வெயிலில் கிடக்கும் கல்லின் வேதனை தெரியாது' என்பது அந்த ஊர்ப் பழமொழி. அவர் அதைச் சொல்லும்போது யார் தண்ணீரில் கிடக்கும் கல், யார் வெயிலில் கிடக்கும் கல் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'தூ மூன் செ மூன்' என்பார். எல்லா மனிதரும் மனிதரே. நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அதுவரை யாரும் மனிதராக எண்ணாத ஒருவர் கேட்கும்போது அது சாதாரணமில்லை.

1986 பிப்ரவரி 7-ல் இளைய துவாலியே நாட்டை விட்டு ஓடினார். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மக்கூத்காரர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். ஏப்ரல் 26-ல், அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்த ஃபோர்ட் திமான்ஷ் சிறைக்கு ஒரு நினைவு ஊர்வலம் போனது. திருச்சபையின் வானொலியான ரேடியோ சோலேயில் அரிஸ்டீட் அதை நேரடியாகச் சொல்லிக்கொண்டே போனார். ராணுவம் சுட்டது. மனிதர்கள் விழுவதை அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார், நாடு கேட்டுக்கொண்டிருந்தது. தெருப் பிள்ளைகளுக்காக 'லஃபன்மி செலவி' என்ற இல்லத்தைத் தொடங்கியதும் அதே வருஷம்.

1987-ல் மேலிடம் அவரை வேறிடத்துக்கு மாற்றப் பார்த்தது. இளைஞர்கள் தேவாலயத்துக்குள்ளேயே உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஆயர்கள் பின்வாங்கினார்கள். அந்த நவம்பர் 29-ல் வர வேண்டிய தேர்தலை ரத்தத்தில் முக்கினார்கள். தலைநகரில் ஒரு பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றவர்களைச் சுட்டும் வெட்டியும் கொன்றார்கள். சில மணி நேரத்தில் தேர்தல் ரத்தானது.

அப்புறம் 1988 செப்டம்பர் 11. ஞாயிற்றுக்கிழமை. பூசை நடந்துகொண்டிருந்தது, கோயில் நிறைய ஆட்கள். கையில் சிவப்புப் பட்டை கட்டிய கும்பல் துப்பாக்கி, கத்தி, கம்புகளோடு வந்தது. முதலில் வெளியிலிருந்து கல், அப்புறம் குண்டு. உள்ளே வந்து பெஞ்சுகளுக்கு நடுவில் வெட்டினார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை வயிற்றில் குத்தினார்கள்; அவர் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. குறைந்தது 13 பேர் இறந்தார்கள், எழுபதுக்கு மேல் காயம். கடைசியில் கோயிலுக்கே தீ வைத்தார்கள், கூரை உள்ளே விழுந்தது. வெளியே போலீசும் ராணுவமும் தடுக்காமல் நின்றன. பங்கு மக்கள் அரிஸ்டீட்டைச் சூழ்ந்து மறைத்துப் பின்பக்கம் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அடுத்த நாட்களில் கொலைகாரர்களில் சிலர் முகத்தை மறைக்காமல் தொலைக்காட்சியில் வந்து, 'அவர் பூசை வைக்கும் இடமெல்லாம் பிணக்குவியல் ஆகும்' என்ற தொனியில் மிரட்டினார்கள். ஒரு வாரத்தில் சாதாரண சிப்பாய்களே கிளர்ந்து அப்போதைய ராணுவ ஆட்சியாளரை விரட்டினார்கள் என்றால், நாடு எவ்வளவு அதிர்ந்துபோயிருக்கும் என்று பாருங்கள்.

இதற்குச் சலேசிய மேலிடம் செய்தது என்ன? அக்டோபரில் அவரை நாட்டை விட்டுப் போகச் சொன்னது. விமான நிலையத்துக்குப் போகும் சாலையை ஆயிரக்கணக்கானவர்கள் மறித்து உட்கார்ந்ததால் அவர் போகவில்லை. டிசம்பரில் சபையிலிருந்தே நீக்கினார்கள். வெறுப்பையும் வன்முறையையும் தூண்டுகிறார், வழிபாட்டை அரசியலுக்குப் பயன்படுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான். அந்த முடிவை இன்றுவரை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பீடத்தின் முன்னால் ஜனங்களை வெட்டியவர்கள் யாரும் அந்தச் சமயத்தில் தண்டிக்கப்படவில்லை. தண்டனை வாங்கியவர் பூசை வைத்துக்கொண்டிருந்தவர்.

பீடம் போய்விட்டது, கோயிலும் எரிந்துவிட்டது. அவர் அரசியலுக்கு வந்தது அந்த நிலையில். 1990 தேர்தலுக்கு ஐ.நா.வும் அமெரிக்க நாடுகள் அமைப்பும் பார்வையாளர்களை அனுப்பின. மக்கூத் கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரான ரோஜே லாஃபொந்தான் தானும் போட்டியிடுவேன் என்று வந்தார். அக்டோபரில் அரிஸ்டீட் களத்தில் இறங்கினார். வாக்காளர் பதிவுக்குக் கூட்டம் அலைமோதியது. இயக்கத்துக்கு 'லவலாஸ்' என்று பெயர். மலையிலிருந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு இறங்கும் காட்டாற்று வெள்ளம் என்று அர்த்தம். 'தனியாக நாம் பலவீனம், சேர்ந்தால் பலம், சேர்ந்தால் நாம் லவலாஸ்.' சின்னம் சேவல். அமெரிக்கா எதிர்பார்த்த, உலக வங்கியில் வேலை பார்த்த மார்க் பசேன் இரண்டாவதாக வந்தார், சுமார் 14 சதவீதம்.

சமய ஊழியர் ஒருவர் தலைமை தாங்குவது அந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. 1791 ஆகஸ்டில் ஹைதியின் அடிமைப் புரட்சி தொடங்கியபோது முன்னால் நின்ற புக்மான், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகள் வளர்த்த ஊடு சமயத்தின் பூசாரி என்று சொல்லப்படுகிறவர். பக்கத்து ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப், பால் போகிள் இருவரும் பாப்டிஸ்டு சபை டீக்கன்கள், இருவருமே தூக்கிலிடப்பட்டவர்கள். கூட்டம் கூடுவதே குற்றமான இடத்தில் ஜபத்துக்காக மட்டும் கூட விடுவார்கள். ஆகவே தலைவர்கள் அங்கிருந்துதான் வருவார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் கலகத்தில் செத்தவர்கள். அரிஸ்டீட் ஜெயித்து ஆள வேண்டியிருந்தது.

பதவியேற்பதற்குள்ளேயே அடி தொடங்கியது. 1991 புத்தாண்டு மறையுரையில் பேராயர் லிகொந்தே, நாடு போல்ஷவிசத்தின் பக்கம் போகிறதோ என்று அச்சமூட்டினார். ஐந்தாறு நாளில் லாஃபொந்தான் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். ஜனங்கள் தெருவுக்கு வந்து முறியடித்தார்கள். அதோடு நிற்கவில்லை. ஆத்திரத்தில் காலனிக் காலத்துப் பழைய பேராலயத்தைக் கொளுத்தினார்கள், போப்பின் தூதர் வீட்டைச் சூறையாடினார்கள், ஆட்களைக் கொன்றார்கள். 1988-ல் கோயில் எரிந்ததற்கு அழுகிற அதே மனசோடு இதற்கும் வருந்த வேண்டும். வெள்ளம் என்று பெயர் வைத்தால் வெள்ளம் எங்கே நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. அந்தச் சிக்கல் முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 7-ல் பதவியேற்பு. துவாலியே ஓடிப்போன அதே தேதி. மறுநாள் தலைநகரின் ஏழைகளை அதிபர் மாளிகைத் தோட்டத்துக்குக் காலை உணவுக்குக் கூப்பிட்டார். அதுவரை அந்த வேலிக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் அவர்கள். மேசைக்கு அடியில் கிடப்பவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும் என்று அவர் பிரசங்கத்தில் சொல்லிவந்ததை ஒரு நாளாவது கண்ணில் காட்டினார். ராணுவத்தின் மூத்த தளபதிகளை ஓய்வில் அனுப்பினார். கிராமங்களில் ராஜாக்களாக இருந்த ராணுவ அதிகாரிகளின் பிடியைத் தளர்த்தினார். குறைந்தபட்சக் கூலியை உயர்த்தப் பார்த்தார். அந்த மாதங்களில் படகேறி அமெரிக்காவுக்கு ஓடுபவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. இதைவிட ஒரு நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

தவறுகளும் அப்போதே தொடங்கின. தன்னை வேட்பாளராக நிறுத்திய கூட்டணியைக் கலக்காமல் நெருங்கிய நண்பர் ரெனே பிரேவாலைப் பிரதமராக்கினார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை. பேசிச் சேர்த்துக்கொள்ள வேண்டியவர்களை ஒதுக்கினார். ஆகஸ்டில் பிரதமர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது ஆதரவாளர் கூட்டம் கட்டடத்தைச் சூழ்ந்து உறுப்பினர்களை மிரட்டியது. செப்டம்பர் 27-ல், கவிழ்ப்பு வரப்போகிறது என்று தெரிந்த நேரத்தில், அவர் பேசிய பேச்சு இன்றும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரிகளின் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்தும் கொடுமையை மறைமுகமாகப் புகழ்ந்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் சொன்னது அரசியல் சாசனத்தைப் பற்றி, பதிவை வெட்டி ஒட்டினார்கள் என்பது ஆதரவாளர்கள் தரப்பு. என்னைக் கேட்டால், அந்தச் சூழலில் ஓர் அதிபர் இரண்டு அர்த்தம் வரும்படி பேசியதே பெரிய பிழை. கோயிலில் உவமை சொன்னால் கேட்பவர் வீட்டுக்குப் போய் யோசிப்பார். அதிபர் உவமை சொன்னால் யாரோ ஒருவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்வார்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 30-ல், ரவூல் செத்ராஸ் தலைமையில் ராணுவம் கவிழ்த்தது. வெளிநாட்டுத் தூதர்கள் தலையிட்டதால் உயிர் தப்பி வெனிசுவேலாவுக்குப் போனார், பிறகு வாஷிங்டன். அடுத்த மூன்று வருஷத்தில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 3,000 முதல் 5,000 வரை என்று கணிக்கிறார்கள். 1992-ல் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கக் கடலோரக் காவல்படை கடலில் பிடித்தது. அவருடைய ஆதரவாளரும் வியாபாரியுமான அந்த்துவான் இஸ்மெரி, புனித ஜான் போஸ்கோ படுகொலையின் ஐந்தாம் ஆண்டு நினைவுப் பூசையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994 ஆகஸ்டில் பாதிரியார் ழான் மாரி வின்சென்ட் கொல்லப்பட்டார். இந்த ராணுவ ஆட்சியை உலகில் எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை, வத்திக்கானைத் தவிர. இதைத் தட்டச்சு செய்யவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட 'திருச்சபை எப்படி ஒத்துக்கொண்டது' என்ற கேள்விக்கு இதுவும் பதிலின் ஒரு பகுதி.

1994 செப்டம்பரில் சுமார் 20,000 அமெரிக்கத் துருப்புகள் இறங்கின. அக்டோபர் 15-ல் அரிஸ்டீட் திரும்பினார். கோயில் பீடத்திலிருந்து ஏகாதிபத்தியத்தைச் சாடியவர் அமெரிக்கப் படையின் பாதுகாப்பில் வந்து இறங்கினார். அதற்கு விலை இருந்தது. நாடுகடத்தப்பட்டிருந்த வருஷங்களையும் பதவிக்காலத்தில் கழித்துக்கொள்ள வேண்டும், அரசு நிறுவனங்களை விற்க வேண்டும், இறக்குமதி வரியைக் குறைக்க வேண்டும். அரிசி வரி 3 சதவீதத்துக்கு இறங்கியது. மானியம் வாங்கி விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, அர்த்திபொனீத் பள்ளத்தாக்கின் விவசாயி எழுந்திருக்கவே முடியவில்லை. அது அர்க்கன்சாஸில் தன் ஊர் விவசாயிகள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் தவறு என்று 2010-ல் பில் கிளிண்டனே செனட் குழு முன் வருத்தம் தெரிவித்தார். பதினைந்து வருஷம் கழித்து.

அந்த மிச்சக் காலத்தில் அரிஸ்டீட் செய்த ஒரு காரியத்துக்காக மட்டுமே அவரை வரலாறு நினைக்க வேண்டும் என்பேன். 1995-ல் ராணுவத்தையே கலைத்தார். எந்தப் போரும் செய்யாமல் சொந்த ஜனங்களைச் சுடுவதையே வேலையாக வைத்திருந்த படை அது. ஆனால் கலைக்கப்பட்ட சுமார் 7,000 பேரின் துப்பாக்கிகள் பெரும்பாலும் அவர்களிடமே தங்கின. அது 2004-ல் திரும்பி வந்தது.

இதற்கிடையில் குருத்துவத்தை விட்டார். 1996 ஜனவரியில் மில்ட்ரெட் துரூயோ என்ற ஹைதிய அமெரிக்க வழக்கறிஞரைத் திருமணம் செய்தார். இரண்டு மகள்கள். பிப்ரவரி 7-ல் பிரேவாலிடம் பதவியை ஒப்படைத்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அதிபர் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்னொருவரிடம் அமைதியாக ஆட்சியைக் கொடுத்தது ஹைதி வரலாற்றில் அதுவே முதல் முறை. அரசியலுக்காகக் குருத்துவத்தை விற்றார் என்று சிலர் சொல்வது பொருந்தாது. விலகும்போது அவர் ஏற்கெனவே அதிபர். திருமணம் சின்னக் கோயில் ஜனங்களில் பலருக்கு வலித்தது என்பது மட்டும் நிஜம்.

இரண்டாவது ஆட்சி இன்னும் சிக்கலானது. 2000 மே மாத நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய ஃபன்மி லவலாஸ் கட்சி நியாயமாகவே ஜெயித்திருக்கும். ஆனால் சில செனட் இடங்களில் வாக்குச் சதவீதம் கணக்கிட்ட முறை தவறு என்று அமெரிக்க நாடுகள் அமைப்பு சுட்டிக்காட்டியது. திருத்தியிருந்தால் சில இடங்களில் இரண்டாம் சுற்று நடந்திருக்கும், அவ்வளவுதான். பிடிவாதமாக இருந்துவிட்டார்கள். எதிர்க்கட்சிகள் நவம்பர் அதிபர் தேர்தலைப் புறக்கணித்தன. அரிஸ்டீட் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கி 2001-ல் மறுபடி அமர்ந்தார். வெளிநாட்டு உதவியும் கடனும் நிறுத்தப்பட்டன. காசில்லாத அரசு, கட்சிக்குள் பழைய அடியாட்கள், எதிர்ப்பாளர்களைத் தாக்கிய 'ஷிமேர்' என்ற குடிசைப் பகுதிக் கும்பல்கள், போலீசுக்குள் போதைக் கடத்தல். பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டார்கள், வழக்குகள் நகரவில்லை. எல்லாம் அவர் உத்தரவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு காலத்தில் மக்கூத்துகளைப் பெயர் சொல்லிக் கண்டித்த வாய், தன் பக்கத்து அடியாட்களைப் பற்றி அதே உரத்த குரலில் பேசவில்லை. அவருடைய பழைய நண்பர்கள் பலர் விலகியது இதனால்தான்.

இதே காலத்தில் இரண்டு நல்ல காரியங்களும் நடந்தன. 2003 ஏப்ரலில், இந்த முன்னாள் கத்தோலிக்கப் பாதிரியார் ஊடுவை அரசு அங்கீகரித்த சமயமாக்கினார். பல தலைமுறையாகத் திருச்சபை ஒடுக்கிய சமயம் அது. இரண்டாவது, அதே ஏப்ரல் 7-ல், பிரான்சிடம் இழப்பீடு கேட்டார். 1804-ல் விடுதலை அடைந்த ஹைதியை, 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, 'இழந்த சொத்துக்கு' 15 கோடி பிராங்க் கட்டச் சொன்னது. அந்தச் சொத்தில் அடிமைகளும் அடக்கம். பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன்களின் வால் 1947 வரை நீண்டது. அரிஸ்டீட் அரசு கணக்குப் போட்டு 2,168 கோடி டாலருக்கு மேல் கேட்டது, கடைசி 48 சென்ட் வரை. அந்த 48 சென்டைப் பார்த்துப் பாரிஸில் கேலி செய்தார்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. கடன் கொடுத்தவன் சில்லறை வரை வசூலிக்கும்போது யாரும் சிரித்ததில்லை.

2004 பிப்ரவரியில் கொனாயீவ் நகரில் கலகம் வெடித்தது. முன்பு அவர் பக்கம் இருந்த ஒரு கும்பலே அதைத் தொடங்கியது. கீ பிலிப் தலைமையில் முன்னாள் ராணுவத்தினர் சேர்ந்துகொண்டார்கள். பிப்ரவரி 29 விடியற்காலை அமெரிக்க விமானம் ஒன்று அவரை ஏற்றிக்கொண்டு போய் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இறக்கியது. ராஜினாமா செய்தார் என்றது அமெரிக்கா, கடத்தினார்கள் என்றார் அவர். 2022-ல் அப்போதைய பிரெஞ்சுத் தூதரே ஒரு நாளிதழிடம் அதை ஆட்சிக்கவிழ்ப்பு என்று ஒப்புக்கொண்டார். இழப்பீட்டுக் கோரிக்கை ஒழிந்ததும் அதில் ஒரு பலன் என்றார். ஆகவே 2004-ஐ அவருடைய தவறுகளின் கூலி என்று மட்டும் எழுதுபவர்களை நம்பாதீர்கள். அவருடைய தவறுகள் கதவைத் திறந்துவைத்தன. உள்ளே வந்தவர்கள் வெகுநாளாக வாசலில் காத்திருந்தவர்கள்.

அதன் பிறகு வந்த ஐ.நா. படை 2017 வரை இருந்தது. இலங்கை ராணுவத்தினரும் அதில் இருந்தார்கள். பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007-ல் அவர்களில் 108 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நம் வாசகர்களில் பலர் இதை அறிந்திருப்பார்கள்.

சரி, 'மற்றவர்களைப் போலத்தானா' என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். துவாலியேக்களோடும் செத்ராஸோடும் அவரை ஒரே தராசில் வைப்பது அநியாயம். அவர்கள் பயத்தால் ஆண்டார்கள், அவருக்கு ஜனங்கள் இரண்டு முறை ஓட்டுப்போட்டார்கள். ஆனால் தனக்குப் பிறகும் நிற்கிற கட்சியையும் நீதிமன்றத்தையும் அவர் விட்டுச்செல்லவில்லை. கட்சி கடைசிவரை அவருடைய குரலையே சுற்றிக்கொண்டிருந்தது. பங்கில் ஒரு சாமியாரை மாற்றினால் இன்னொருவர் வருவார், கோயில் நடக்கும், ஏனென்றால் அதற்குப் பின்னால் பெரிய அமைப்பு இருக்கிறது. அவரை வெளியேற்றிய திருச்சபையிடமிருந்து பேச்சை எடுத்துக்கொண்டு வந்தவர், அந்த அமைப்பு கட்டும் வித்தையை எடுத்துக்கொண்டு வரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

தென்னாப்பிரிக்காவில் ஏழு வருஷம் இருந்தார். சும்மா இருக்கவில்லை, ஜூலு மொழியையும் ஹைதிக் கிரியோலையும் ஒப்பிட்டு ஆய்வு செய்து 2007-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 2011 மார்ச் 18-ல், வாஷிங்டன் வேண்டாம் என்று சொல்லியும், நாடு திரும்பினார். விமான நிலையத்திலிருந்து தபாரில் இருக்கும் வீடு வரை கூட்டம் காரோடு ஓடியது, மதிலேறி முற்றத்துக்குள் குதித்தது. அதன் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. இரண்டாவது ஆட்சியில் அவருடைய அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தது. 2004 கவிழ்ப்புக்குப் பின் மாணவர்களை வெளியேற்றி வெளிநாட்டுத் துருப்புகள் அந்தக் கட்டடங்களில் தங்கின. திரும்பி வந்த வருஷமே அதே இடத்தில் வகுப்புகளை மறுபடி தொடங்கினார். அது இப்போது பல்கலைக்கழகமாகிவிட்டது.